இதழோடு வரும் வட்டு சிடியாகவே இருக்கட்டும்

இசை இதழின் அட்டையில் ஒட்டி இலவசமாகக் கொடுக்கப்படும் வட்டு சிடியாக இருப்பது நல்லதா, டிவிடியாக இருப்பது நல்லதா என்ற கேள்வி பலருக்குக் காலம் கடந்த ஒன்றாகத் தோன்றக்கூடும். எனக்கு அது இன்னும் முடியவில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் அப்படிச் சேர்ந்த வட்டுகள்தான் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் வேலையில் இப்போது இறங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுக்கும்போது, பக்கத்துச் சித்தூரில் இருக்கும் மிருதங்கக்கார நண்பர் ஒருவரோடு பல ஆண்டுகளாக நடந்துவரும் வாதம் மனத்துக்குள் மறுபடி தொடங்கிவிடுகிறது. டிவிடியே வேண்டும் என்பது அவர் கட்சி. இதழ் கொடுக்கும் வட்டு கேட்பதற்காகக் கொடுக்கப்படுவது, ஆகவே அது சிடியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த இதழ்கள் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைத்தவை அல்ல. ஷார்ஜாவில் வேலை பார்த்த பெரியப்பா மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், மற்றவர்களுக்குச் சென்ட் பாட்டிலும் சோப்பும் கொண்டுவந்தது போல எனக்கு ஆங்கில இசை இதழ்களைக் கொண்டுவருவார். மற்றவை கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை. அங்கே இதழ் இருக்கும், ஆனால் பெரும்பாலும் அட்டையில் பசை காய்ந்த வட்டமான தடம் மட்டுமே மிஞ்சியிருக்கும்; வட்டை யாரோ முன்பே உரித்தெடுத்திருப்பார்கள். வட்டு சேதமில்லாமல் இருக்கும் பிரதி கிடைத்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே விலை கேட்டுவிடுவேன். எங்களைப் போல எல்லையோரத்தில் இருந்துகொண்டு, பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் எந்தப் பெரிய இசைக் கடையும் இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு, அந்த வட்டுகள்தாம் வெளியுலகத்து இசையைக் கேட்பதற்கு இருந்த முதல் வழி.

என் நண்பரின் வாதம் எளிமையானது, எண்களால் ஆனது. ஒரு சிடியில் 700 எம்பி அடங்கும். ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி அடங்கும். இரண்டும் 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் கொண்ட ஒரே அளவு வட்டுகள். இதழ்காரர் ஏறத்தாழ ஏழு மடங்கு கொடுக்க முடியும் என்றிருக்கும்போது ஒரு மடங்கோடு நிறுத்திக்கொள்வது வாசகருக்குச் செய்யும் குறை என்பார். இதற்கு நான் சொல்லிவந்த பதிலை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

எண்பது நிமிடமும் ஓர் ஆசிரியரின் கையும்

சிடியின் பெரிய பலம் அதன் குறைந்த இடம்தான் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். தொடக்கத்தில் 74 நிமிடமாகவும் பிறகு 80 நிமிடமாகவும் இருந்த அந்த எல்லை, இதழின் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வைத்தது. 1992இல் தொடங்கிய பிபிசி மியூசிக் இதழ், துண்டு துணுக்குகளைத் தராமல், பிபிசியின் சொந்தப் பதிவுகளிலிருந்து முழுப் படைப்புகளைச் சிடியில் கொடுத்தது. 1993இல் வந்த மோஜோ போன்ற ராக் இசை இதழ்கள் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் பாடல்களைத் தொகுத்துச் சிடியாக ஒட்டின. இந்த இரண்டு வகையிலும் ஒருவர் உட்கார்ந்து, எதை முதலில் வைப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எது வந்தால் காதுக்கு இசையும் என்று யோசித்திருக்கிறார். கச்சேரிக்கு உருப்படிகளை வரிசைப்படுத்துகிறவருக்குத் தெரியும், அந்த யோசனையே பாதிக் கச்சேரி. வாசகரும் அதை ஒரே அமர்வில், முதலிலிருந்து கடைசிவரை, இதழின் பக்கங்களைப் புரட்டியபடியே கேட்டு முடிக்க முடிந்தது. முழுதாகக் கேட்கப்பட்ட வட்டுதான் வாசகருக்கு உண்மையில் கொடுக்கப்பட்ட வட்டு.

டிவிடிக்கு மாறிய இதழ்களில் நான் கண்டது வேறு. இடம் நிறைய இருந்ததால் அதை நிரப்ப வேண்டிய கட்டாயம் வந்தது. நிரப்புவதற்கு எளிதாகக் கிடைத்தவை மென்பொருள்களின் சோதனைப் பதிப்புகள், விளம்பரப் படங்கள், முந்தைய மாதங்களில் கொடுத்தவற்றின் மறுபதிப்புகள். என் அலமாரியில் இருக்கும் டிவிடிகளில் ஒன்றையாவது நான் முழுமையாகப் பார்த்து முடித்திருக்கிறேன் என்று சொல்ல இயலாது. சிடிகளில் பெரும்பாலானவற்றின் வரிசை எனக்கு மனப்பாடம்.

எங்கள் நாட்டில் இந்த ஏராளத்தின் சுவை டிவிடிக்கு முன்பே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்து நிலையங்களில் விற்ற எம்பி3 சிடிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கும். நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் ஒரே சிடியில் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு அடங்கும். அப்படி வாங்கியவற்றில் எத்தனை பாடல்களைக் கடைசிவரை கேட்டோம் என்று அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் நண்பர் நிறுத்திக் கேட்பார்: நம்முடைய கச்சேரி இரண்டரை மணி, மூன்று மணி நேரம் போகும், ராகம் தானம் பல்லவி மட்டுமே ஒரு மணியைத் தாண்டும், எண்பது நிமிடத்தில் நம் இசைக்கு என்ன நியாயம் செய்ய முடியும்? கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு வலிமை உண்டு, மறுக்க மாட்டேன். முழுக் கச்சேரிப் பதிவு ஒன்றை வெளியிடுவது நோக்கமாக இருந்தால் டிவிடியோ, இரண்டு மூன்று சிடிகளோ வேண்டும். ஆனால் இதழோடு வரும் வட்டு முழுக் கச்சேரியின் இடத்தை நிரப்ப வந்தது அன்று. ஒரு கட்டுரையைப் படித்தவருக்கு, அதில் சொல்லப்பட்டது காதில் எப்படி ஒலிக்கிறது என்று காட்டவும், மேலும் தேடத் தூண்டவும் அது வந்தது. அதற்கு ஒரு நல்ல ஆலாபனையும் இரண்டு கீர்த்தனங்களும் போதும்.

ஒலி எந்த வட்டில் நன்றாக இருந்தது

டிவிடி என்றால் ஒலித்தரம் உயர்ந்தது என்று பலர் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். தாளில் அது உண்மை. சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எடுத்த மாதிரிகளை, ஒவ்வொன்றும் 16 பிட் ஆழத்தில், இரண்டு தடங்களாக வைத்திருக்கிறது. நொடிக்கு 1,411 கிலோபிட், சுருக்கம் எதுவும் இல்லை. டிவிடியில் 96,000 மாதிரிகளையும் 24 பிட்டையும் வைக்க விதிமுறை இடம் தருகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த டிவிடி ஆடியோ 192,000 மாதிரிகள் வரை போனது, ஆனால் அதற்கென்று தனி பிளேயர் வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பிளேயரை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

இதழ்களோடு வந்தவை அந்த உயர்ந்த வகை அல்ல. சாதாரண டிவிடி வீடியோ, அல்லது கணினியில் மட்டும் திறக்கும் டிவிடி ரோம். வீடியோ டிவிடியில் படத்துக்கே பெரும் இடம் போய்விடுவதால், ஒலியைப் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் முறையில் சுருக்கி வைப்பார்கள். அந்த முறைக்கு டிவிடி வீடியோவில் உச்ச வரம்பே நொடிக்கு 448 கிலோபிட். இரண்டு தட ஒலியென்றால் 192 அல்லது 224 கிலோபிட்டோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. சிடியில் இருந்த ஒலியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தரவு அது. காது இதைப் பொறுத்துக்கொள்ளும் வகையில்தான் அந்தச் சுருக்கம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் தம்புராவின் கார்வை மெல்லத் தேய்ந்து அடங்கும் இடத்திலும், வில் தந்தியைத் தொடும் முதல் உராய்விலும் எனக்கு வேறுபாடு கேட்கிறது. அந்த நுட்பங்களுக்காகவே இசையைக் கேட்கிறவர்களுக்கான இதழ், ஒலியைக் குறைத்துப் படத்தைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டீச்சர் வீட்டில்

வேலந்தாவளம் சாலையில் எங்களுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த டீச்சர் இருக்கிறார். பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் அழுத்த நோய் வந்து, பார்வை படிப்படியாக மங்கி, பிற்காலத்தில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும் நிலைக்கு வந்துவிட்டார். வில் பிடிப்பதற்கோ சுருதி சேர்ப்பதற்கோ அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. நான் கொண்டுபோகும் சிடிகளை அவர் தாமே போட்டுக் கேட்பார். பிளேயரின் மேல்மூடி எங்கே திறக்கும், ஓடவிடும் பொத்தான் எது, அடுத்த உருப்படிக்குத் தாவும் பொத்தான் எது என்பது விரலுக்குத் தெரியும். மாலையில் அரை மணி நேர லோட் ஷெட்டிங் இருந்த காலத்தில் பாட்டரி போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை மேற்கத்திய நால்வர் குழுவின் இசை ஒன்றை முழுவதும் கேட்டுவிட்டு, “அந்த மூணாவதை மறுபடி போடறேன், இரு கண்ணு, நடுவுல வர்ற வயலின் என்ன பண்ணுதுன்னு கவனி” என்று சொல்லி, பொத்தானை இரண்டு முறை அழுத்தி மூன்றாவது பகுதிக்குப் போனார். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒலித்த இடத்தை அவர் தனியாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் எனக்கு அந்தக் கருவியின் குரல் பிடிபட்டது.

பிறகு ஓர் இதழ் சிடியிலிருந்து டிவிடிக்கு மாறியது. அதில் வயலின் கலைஞர்கள் சிலரின் வாசிப்பு இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. டீச்சருக்குப் பிடிக்கும் என்று அதை வாங்கி, அவர் மகன் அறையில் இருந்த டிவிடி பிளேயரில் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைத்தெரு வரை போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவர் டிவி முன் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, முகத்தைச் சற்றே சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது டிவிடியின் முகப்புப் பட்டியல். அதன் பின்னணியில் ஒலித்த சிறு இசைத் துண்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். “இதுதானா கண்ணு வாசிப்பு? சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்களே, எனக்குத்தான் ஏதோ விட்டுப்போகுதோன்னு பாத்துட்டிருக்கேன்” என்றார்.

நான் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி, முதல் வாசிப்பைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டு முடித்ததும் இரண்டாவதற்கு எப்படிப் போவது என்று கேட்டார். சொல்லிக்கொடுக்க முயன்றேன். ஒரு வாசிப்பு முடிந்தால் வட்டு மறுபடி பட்டியலுக்குத் திரும்பிவிடும். அங்கே எந்தப் பெயர் ஒளிர்கிறது என்று பார்த்துத்தான் அம்புக்குறியை நகர்த்த வேண்டும். அடுத்தது என்ற பொத்தானைப் பட்டியல் இருக்கும்போது அழுத்தினால் அந்த வட்டு ஏற்கவில்லை. பட்டியல் நிலையில் எந்தப் பொத்தான் வேலை செய்யலாம், எது கூடாது என்று விதிக்கும் உரிமையை டிவிடியின் விதிமுறை வட்டைத் தயாரிப்பவருக்குக் கொடுத்திருக்கிறது. டீச்சர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கேக்கறதுக்குத்தானே குடுத்திருக்காங்க? அதுக்கு எதுக்குக் கண்ணு வேணும்?” என்றார். குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

அதுவரை சிடி நல்லது என்பது என் ரசனை சார்ந்த கருத்து. அன்றைக்குப் பிறகு அது நியாயம் சார்ந்ததாகிவிட்டது. சிடியைப் போட்டால் பாட்டு ஒலிக்கும். டிவிடியைப் போட்டால் முதலில் திரை வேண்டும், திரையில் இருப்பதைப் படிக்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். பார்வை இல்லாதவர், ஆங்கிலம் படிக்காதவர், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர், தறியிலோ அடுப்படியிலோ கைவேலையாக இருப்பவர் என எத்தனையோ பேரை அந்தத் திரை வெளியே நிறுத்திவிடுகிறது. எங்கள் ஊர் வீடுகளில் டிவி ஒன்றுதான், மாலையில் அது தொடர்களுக்கு உரியது. இசை கேட்க விரும்புகிறவர் வீட்டாரோடு போட்டி போட்டுத்தான் டிவிடியைப் போட முடியும். சிடி பிளேயர் எந்த மூலையிலும் இருந்துகொள்ளும்.

கையைக் காட்ட வேண்டிய இடம்

நண்பரின் வலிமையான வாதத்துக்கு இனித்தான் வர வேண்டும். அவர் மிருதங்கக்காரர். பாலக்காடு மணி ஐயரின் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். சொற்கட்டு காதில் விழுகிறது, கணக்கும் புரிகிறது, ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அந்தக் கும்கி என்ற வழுக்கி எழும் ஒலியை இடக்கையின் எந்தப் பகுதி, எவ்வளவு அழுத்தத்தில், எங்கிருந்து எங்கே தள்ளி எழுப்புகிறது என்பதை ஒலி சொல்லாது என்பார். குருவின் எதிரில் உட்கார வாய்த்தவருக்கு அது பிரச்சினை இல்லை. எல்லையோரத்தில், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊரில் இருக்கும் பிள்ளைக்கு, கையை அருகில் காட்டும் பத்து நிமிடப் படம் நூறு பதிவுகளுக்குச் சமம் என்று அவர் சொல்லும்போது நான் மறுத்ததே இல்லை. டீச்சரே தம் கண் நன்றாக இருந்த நாட்களில் மற்றவர்களுடைய வில் கையைப் பார்த்துத்தான் பலவற்றைக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

இசையை உருவாக்குகிறவர்களுக்கான இதழ்களும் வேறு கணக்கில் வருகின்றன. 1998இல் தொடங்கிய கம்ப்யூட்டர் மியூசிக் போன்ற இதழ் கொடுத்தது கேட்பதற்கான பாட்டு அன்று. வேலைக்கு எடுத்துப் பயன்படுத்த வேண்டிய ஒலித்துண்டுகள், பாடக் கோப்புகள், மென்பொருள். 24 பிட் ஒலித்துண்டுகள் சில நூறு சேர்ந்தாலே சிடி நிறைந்துவிடும். அந்த வாசகர் கணினி முன்தான் உட்கார்ந்திருக்கிறார், திரை அவருக்குத் தடையே இல்லை. அங்கே டிவிடிதான் சரி, சிடி போதவே போதாது. கேட்பவருக்கான இதழும் செய்பவருக்கான இதழும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்று மாறியதும் மற்றதும் மாற வேண்டும் என்று வெளியீட்டாளர்கள் நினைத்ததுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின்

பாதுகாக்கும் வேலையில் இறங்கிய பிறகு தெரிந்தவற்றையும் சொல்கிறேன். சிடியில் தகவல் அடுக்கு, பெயர் அச்சிட்ட மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அட்டையில் பசையால் ஒட்டியதை அவசரமாக உரித்தவர்கள் சிலருடைய சிடிகளில், மேல்பூச்சோடு அலுமினியமும் பெயர்ந்து வந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரியும், அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டு ஒட்டப்பட்டு, தகவல் நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து இல்லை. பிழை திருத்தும் முறையும் அதில் வலுவானது. இந்த இரண்டிலும் டிவிடி மேல். ஆனால் திருத்த முடியாத கீறல் விழுந்த பிறகு நடப்பது வேறு. சிடி பிளேயர் முன்னும் பின்னும் இருக்கும் மாதிரிகளைக் கொண்டு இடைவெளியை ஊகித்து நிரப்பி, பாட்டை ஓட்டிக்கொண்டு போகும். டிவிடியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்து நின்றுவிடும்.

பெரிய இழப்பு கீறலால் வந்ததும் அன்று. கணினிக்கான டிவிடிகள் பலவற்றில் முகப்புப் பட்டியலை ஃபிளாஷ் மென்பொருளில் செய்திருந்தார்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பரோடு ஃபிளாஷை நிறுத்திவிட்டது. வட்டு பழுதில்லாமல் சுழல்கிறது, பட்டியல் திறப்பதில்லை. உள்ளே புகுந்து கோப்புறை கோப்புறையாகத் தேடித்தான் ஒலியை எடுக்க வேண்டியிருக்கிறது. சிடிக்கு 1980இல் பிலிப்ஸும் சோனியும் வகுத்த விதி இன்றும் மாறவில்லை. என் வெளி இணைப்பு டிரைவில் போட்டதும் பாடல்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, சில நிமிடங்களில் தரம் குறையாமல் ஏறிவிடுகின்றன.

இரண்டையும் ஒரே வட்டில் சேர்க்கும் முயற்சியும் நடந்தது. 2004இல் வந்த டூயல் டிஸ்க்கில் ஒரு பக்கம் சிடி, மறுபக்கம் டிவிடி. ஆனால் அதன் கனம் 1.5 மில்லிமீட்டர், அதில் சிடிப் பக்கத்து அடுக்கு வழக்கத்தைவிட மெலிதாக இருந்து சிடியின் விதிக்குள் அடங்காததால் சிடி முத்திரையை அதில் போட முடியவில்லை, சில பிளேயர்கள் அதை ஏற்கவும் இல்லை. அதைவிட எளிய வழி 1990களின் நடுவிலேயே இருந்தது: முதல் பகுதியில் சாதாரணச் சிடியாகப் பாட்டு, இரண்டாம் பகுதியில் கணினிக்கான கோப்புகள். பழைய பிளேயருக்கு முதல் பகுதி மட்டுமே தெரியும், அது தயக்கமின்றிப் பாடும்.

எங்கள் பகுதியில் நவராத்திரி இசை விழாவுக்கு மலர் ஒன்றைக் கொண்டுவரும் பேச்சு நடக்கிறது. அதில் இன்றும் வட்டு ஒன்றை இணைக்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிளேயர்களும் பழைய கார்களில் இருக்கும் பிளேயர்களும் இன்னும் ஓடுகின்றன. நண்பருக்கு நான் எழுதி அனுப்பிய திட்டம் இந்த இரண்டு பகுதிச் சிடிதான். அறுபது நிமிடம் உள்ளூர்ப் பிள்ளைகளின் வாய்ப்பாட்டும் வயலினும். மிச்சமாகும் ஏறத்தாழ 150 எம்பி இடத்தில் அவருடைய இடக்கையைக் காட்டும் பத்து நிமிடப் படம். படம் சிறியதாக இருக்கும், விரல் தெளிவாகத் தெரியுமோ என்று அவர் கவலைப்படுகிறார். அடுத்த ஞாயிறன்று அவர் வீட்டில் கேமராவை வைத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.